பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு 1ஏபி பாடசாலை: பிள்ளையைச் சேர்க்க முன் பார்க்க வேண்டியவை

காலை ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் வாழும் பெற்றோரின் மனம் விளங்கும். ஆரையம்பதி, நாவற்குடா, கல்லடிப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிய வான்களும் ஓட்டோக்களும் பட்டணத்துப் பாடசாலைகளை நோக்கி வரிசையில் நகர்கின்றன. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் அங்கே இருக்கும்போது அந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கமும் உயர்தரம் வரை நடக்கிற அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை, பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே இருக்கிற ஒரு கலவன் பாடசாலையை, இங்கே மதிப்பிடுகிறோம். 6ஆம் தரத்திலிருந்து 13ஆம் தரம் வரை உள்ள மாகாணப் பாடசாலை அது. குறைகளையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. இதே கேள்விகளை அந்த வீதியில் உள்ள எந்தப் பாடசாலையிலும் போய்க் கேட்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 6 முதல் 11 வரைக்கும் இந்தப் பாடசாலை போதும். பாலம் கடந்து அனுப்பக் காரணம் இல்லை. உயர்தரத்தில் கலை, வர்த்தகம், உயிரியல் என்றால் இங்கேயே தொடரலாம். இணைந்த கணிதம் படிக்கப்போகிற பிள்ளை என்றால், சேருகிற அந்த வருடத்தில் யார் படிப்பிக்கிறார் என்று கேட்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

1ஏபி என்ற பெயரைப் பலர் தரச் சான்றிதழ் என்று நினைக்கிறார்கள். அது பாடசாலையின் வகை மட்டும்தான். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் இருந்தால் 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் என்றால் 1சி. 11ஆம் தரத்தோடு முடிந்தால் 2ஆம் வகை. அதற்குக் கீழே சின்னப் பிள்ளைகளின் 3ஆம் வகை. விஞ்ஞானப் பிரிவு நடத்த அனுமதி உண்டு என்பதைத்தான் அந்த எழுத்துகள் சொல்கின்றன. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, இரசாயனத்துக்கு இருப்பவர் நிரந்தரமாக வந்தவரா, வேறு பாடசாலையிலிருந்து இணைப்பில் வந்து போகிறவரா என்பதை அவை சொல்லாது. அதை வாயால் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

மாகாணப் பாடசாலை என்பதற்கும் நடைமுறையில் அர்த்தம் உண்டு. ஆசிரியர் பற்றாக்குறை, இடமாற்றம், முறைப்பாடு எல்லாம் முதலில் வலயக் கல்விப் பணிமனைக்குப் போக வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் வலயங்கள் ஐந்து: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா. ஒரே வீதியில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கிற இரண்டு பாடசாலைகள் இரண்டு வலயங்களில் இருக்கலாம். கல்லடிப் பாடசாலையும் காத்தான்குடிப் பாடசாலையும் அப்படித்தான். கடிதம் பிழையான பணிமனைக்குப் போனால் அது திரும்பி வரவே ஒரு தவணை போய்விடும்.

நேரசூசியைக் கேட்டு வாங்குங்கள்

வாயிலில் 9ஏ எடுத்த பிள்ளைகளின் படங்களோடு பெரிய பதாகை தொங்குகிறது. அந்தப் பிள்ளைகள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் பாடசாலையை அறிய வேறு இரண்டு எண்கள் வேண்டும்: சாதாரண தரத்துக்கு எத்தனை பேர் தோற்றினார்கள், அவர்களில் எத்தனை பேர் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். 35 புள்ளிக்குக் கீழே நிற்கிற பிள்ளையைச் சித்திக்கு ஏற்றிவிடுவதுதான் ஒரு பாடசாலையின் கடினமான உழைப்பு. உயர்தரம் போக ஆறு பாடங்களில் சித்தியும் அதில் மூன்று திறமைச் சித்தியும் வேண்டும். முதல் மொழியும் கணிதமும் அந்த ஆறுக்குள் இருக்க வேண்டும். கணிதம் போனால் ஒரு வாசலே மூடிப்போகிறது. இந்தப் பாடசாலையில் 10ஆம், 11ஆம் தரங்களுக்கு முதலாம் தவணையிலேயே கணிதத்துக்குப் பின்தங்கியவர்களைப் பிரித்தெடுத்து மாலை வகுப்பு வைக்கிறார்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது தொடங்குவதைவிட இது எவ்வளவோ மேல். இந்த ஒன்றுக்காகவே 11ஆம் தரம் வரை இந்தப் பாடசாலையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம்.

பாடசாலை நேரம் ஏழரையிலிருந்து ஒன்றரை வரை, 360 நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளை எட்டு என்றால் 320. மிச்சம் நாற்பது நிமிடத்தில் காலைக் கூட்டமும் இடைவேளையும் முடிய வேண்டும். காலைக் கூட்டம் பத்து நிமிடம் நீண்டால் அது முதலாம் பாடவேளையைத் தின்னும். திங்கட்கிழமை முதலாம் பாடம் எது என்று பாருங்கள். அது கணிதமாக இருந்தால் வருடம் முழுவதும் அந்தப் பாடத்துக்கு நட்டம் விழுந்துகொண்டே இருக்கும்.

இடைவேளைக்குப் பிறகு வருகிற பாடவேளைகளில்தான் இங்கே குறை தெரிகிறது. ஓர் ஆசிரியர் லீவு என்றால் பதில் ஆசிரியரை அனுப்புவதற்குப் பிரதி அதிபரிடம் பட்டியல் இருக்கிறது. காலையில் அது சரியாக நடக்கிறது. ஏழாம், எட்டாம் பாடவேளையில் வகுப்புகள் சத்தமாக இருப்பது வீதிக்கே கேட்கிறது. காரணம் எளிது: பதிலுக்கு அனுப்பக் கையில் ஆசிரியர் மிஞ்சுவதில்லை. நேரசூசி போடும்போது ஒவ்வொரு பாடவேளைக்கும் இரண்டு ஆசிரியரையாவது ஓய்வில் வைத்தால் இது தீரும். அதற்கு சங்கீதம், சித்திரம் போன்ற இரட்டைப் பாடவேளைகளை நாளின் கடைசிக்கு நகர்த்த வேண்டும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம். கேட்டால் அதிபர் காது கொடுக்கிறார்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய வாரங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி, இல்ல அலங்காரம் என்று பிள்ளைகள் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள், அது வேண்டியதும்தான். ஆனால் 11ஆம் தரத்துப் பிள்ளையை அணிநடைக்கு எடுத்தால் ஒரு மாதத்துக்கு நாளின் கடைசி இரண்டு பாடவேளையும் போகும். பிள்ளை ஓட்டத்திலோ பாய்தலிலோ கெட்டிக்காரர் என்றால் விடுங்கள். தலையெண்ணுக்காக நிற்கிறார் என்றால் வகுப்பாசிரியரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

10ஆம் தரத்தில் தொகுதிப் பாடத் தெரிவு வரும். ஒன்பது பாடங்களில் சமயம், முதல் மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் எல்லாருக்கும் பொது. மிச்சம் மூன்றை ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றாக எடுக்க வேண்டும். இங்கே முதலாம் தொகுதியில் வணிகமும் கணக்கீடும், புவியியல், குடியியல் மூன்றும் நடக்கின்றன. இரண்டாம் மொழியான சிங்களத்துக்கு ஆசிரியர் இல்லை. மூன்றாம் தொகுதியில் தகவல் தொழினுட்பத்துக்கு இடம் முதலில் நிரம்பும். கணினி அறையில் எத்தனை இயந்திரம் ஓடுகிறதோ அத்தனை பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். அது சரியான முறை. விவசாயத்தைக் கடைசித் தெரிவாக நினைப்பதுதான் பிழை. நல்ல ரீச்சர், பின் வளவில் பாத்திகள், கத்தரியும் வெண்டியும் மிளகாயும். உயிர்முறைமைகள் தொழினுட்பப் பிரிவுக்குப் போக விரும்புகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது.

ஆய்வுகூடம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் விஞ்ஞானப் பிரிவின் உண்மை இந்த அறைகளுக்குள்தான் இருக்கிறது.

சாதாரண தரத்துக்கு ஒன்றும், உயர்தரத்துக்கு மூன்றுமாக ஆய்வுகூடங்கள் உண்டு. கட்டடம் நல்லது. பிரச்சினை கடற்காற்று. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற இந்த ஒடுங்கிய நிலத்தில் உப்பும் ஈரமும் காற்றிலேயே இருக்கின்றன. நுணுக்குக்காட்டியின் வில்லையில் வலை பின்னியதுபோலப் பூஞ்சணம் பிடிக்கும். ஒருமுறை பிடித்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், துடைத்துப் போகாது. பாவித்து முடிந்ததும் மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். நீல நிறத்து ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம், செலவே இல்லை. உயிரியல் ஆய்வுகூடத்தில் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். பெட்டி ஒவ்வொன்றிலும் உலர்த்திய திகதி எழுதிய சிட்டை ஒட்டியிருக்கிறது. உயிரியல் பிரிவை நம்பலாம் என்று நாங்கள் சொல்வதற்கு அந்தச் சிட்டைகளும் ஒரு காரணம்.

பௌதிகவியல் அறையில் அந்தக் கவனம் இல்லை. மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கிற அழுத்தமானியின் செப்பு முனைகள் பச்சை பிடித்துக் கிடக்கின்றன. பச்சை பிடித்த முனையில் தொடுகை தடுமாறும், கல்வனோமானியின் முள் ஓரிடத்தில் நில்லாது, சமநிலைப் புள்ளி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வரும். பிள்ளை தன் கை பிழை என்று நினைத்துக்கொள்ளும். பரிசோதனைக்கு முன் நுண்ணிய அரத்தாளால் முனையைத் தேய்த்து, திருகாணியை இறுக்கினால் பத்து நிமிட வேலை. கம்பியை மட்டும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் தடிப்பு சீரில்லாமல் போய் முழுக் கருவியும் வீண். வேணியர் இடுக்கிமானியும் திருகுக்கணிச்சியும் போதிய அளவு உண்டு. ஆனால் திருகுக்கணிச்சி சிலவற்றில் பூச்சிய வழு பெரிது. அதைக் குறித்து ஒவ்வொன்றிலும் ஒட்டிவிட்டால் அதுவே ஒரு பாடமாகும்.

இரசாயனத்தில், கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கிற அளவிகளின் கண்ணாடி அடைப்பான் இறுகிப்போவது எல்லாப் பாடசாலையிலும் உள்ள நோய். சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை அளவிக்குள் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் காரம் கண்ணாடியை மெல்ல அரித்து அடைப்பானைப் பிடித்துக்கொள்ளும். நியமிப்பு (கரைசலின் செறிவை அளக்கிற பரிசோதனை) முடிந்தவுடன் ஊற்றிவிட்டுத் தண்ணீரால் இரண்டு முறை கழுவி, அடைப்பானைக் கழற்றி ஒரு கடதாசித் துண்டு வைத்துத் திரும்பப் பொருத்தினால் வருடக் கணக்கில் உழைக்கும். இங்கே கழுவுகிற பொறுப்பை முறைவைத்து மாணவரிடமே கொடுத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்.

வகுப்பில் முப்பது பேர், கருவி ஆறு தொகுதி என்றால் ஒரு தொகுதிக்கு ஐந்து பேர். இரட்டைப் பாடவேளையில் எண்பது நிமிடம் கிடைக்கும். ஒருவர் ஒழுங்காக நியமிப்புச் செய்து மூன்று வாசிப்பு எடுக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஐந்து பேரில் ஒருவர் செய்ய, ஒருவர் எழுத, மூன்று பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் செய்முறைக்கும் மறு பாதியைக் கணக்குக்கும் அனுப்பினால்தான் எல்லார் கையும் கருவியில் படும். இதை அறிய ஒரு வழி இருக்கிறது. 13ஆம் தரத்துப் பிள்ளைகள் இரண்டு பேரின் செய்முறைக் கொப்பியை வாங்கி ஒரே பரிசோதனையைப் பாருங்கள். வாசிப்புகள் இரண்டிலும் அப்படியே ஒன்றாக இருந்தால் அது பலகையில் எழுதிப்போட்டது. சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தால் பிள்ளைகள் தாங்களே செய்திருக்கிறார்கள். உயிரியல், இரசாயனக் கொப்பிகளில் வித்தியாசம் இருந்தது. பௌதிகவியல் கொப்பிகளில் பாதிக்கு மேல் ஒரே வாசிப்பு.

தண்ணீரும் மலசலகூடமும்

பெண் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். கேட்க வேண்டியதும் இதுதான்.

வளவில் கிணறு இருக்கிறது, குழாய்த் தண்ணீரும் வருகிறது. கிணற்றுத் தண்ணீர் கழுவுவதற்கு மட்டும். மணலுக்குக் கீழே உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிற நல்ல தண்ணீர்தான் எழுவான்கரைக் கிணறுகளில் ஊறுகிறது. கச்சான் என்ற வறண்ட காற்று வீசுகிற மாதங்களில் மோட்டர் போட்டு அதிகம் இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறும். குடிக்கிற குழாய்த் தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வருவது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை தாங்கியில். மேல் தாங்கியைத் தவணைக்கு ஒருமுறையாவது இறக்கிக் கழுவ வேண்டும். கழுவிய திகதி தாங்கியின் அடியிலோ காரியாலயத்திலோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே எழுதியில்லை.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். பத்துக் குழாய், 600 பிள்ளைகள் என்றால் ஒரு குழாய்க்கு 60 பேர். ஆளுக்கு 20 விநாடி என்றால் 1,200 விநாடி, அதாவது 20 நிமிடம். இடைவேளை முழுவதும் கைகழுவுவதிலேயே போகும், சாப்பிட நேரம் இருக்காது. ஆகவே பிள்ளைகள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. 6, 7, 8ஆம் தரங்களுக்கு இடைவேளையைப் பதினைந்து நிமிடம் முந்தி விட்டால் குழாயும் போதும், கன்ரீன் வரிசையும் பாதியாகும்.

மலசலகூடங்கள் எண்ணிக்கையில் போதும். பெண் பிள்ளைகளின் பக்கத்தில் உள்தாழ்ப்பாள், மூடியுள்ள வாளி, எரிப்பதற்கான சிறு உலை மூன்றும் இருக்கின்றன. உலையின் சாவி ஒரு ரீச்சரிடம் மட்டும் இருக்கிறது. அவர் லீவு என்றால் வாளி நிரம்பிக் கிடக்கும். இரண்டாவது சாவி வெட்டுவதுதான் அதற்கு மருந்து. பெரிய தொல்லை மார்கழியில். மழையோடு நிலத்தடி நீர் மட்டம் மேலே வரும்போது மணலில் வெட்டிய குழிகள் உறிஞ்சாது, மேலே பொங்கும். அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 15 மீற்றர் இடைவெளி வேண்டும். பழைய தொகுதி ஒன்று அதற்குள் இருக்கிறது. அதை மூடச் சொல்லி அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்திருக்கிறார்கள். வேலை இன்னும் தொடங்கவில்லை.

மழை, கச்சான், கடல்

வடகீழ்ப் பருவமழை கார்த்திகையில் தொடங்கித் தை வரை நிற்கும். மைதானம் குளமாகும், வாயிலிலிருந்து வகுப்புவரை செங்கல் அடுக்கி நடக்க வேண்டியிருக்கும். வெள்ளம் கூடினால் பாடசாலை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு முகாமாகும். அந்த நாட்களுக்குப் பாடம் நடக்காது என்பதை முன்னமே கணக்கில் எடுத்துப் பாடத்திட்டத்தை ஐப்பசிக்குள் முடிக்கிற ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். 2024 நவம்பர் 25இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சையையே மழை வெள்ளத்தால் இடையில் நிறுத்தி டிசம்பர் 4இல்தான் தொடர்ந்தார்கள். பிள்ளையின் கொப்பிகளையும் பரீட்சை அனுமதி அட்டையையும் கார்த்திகை பிறந்தவுடன் பொலித்தீன் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

கச்சான் காலத்தில் தகரக் கூரை போட்ட நீண்ட மண்டபம் பத்து மணிக்குப் பிறகு இருக்க முடியாதது. 8ஆம் தரத்தின் இரண்டு வகுப்புகள் அதற்குள்தான். புதிய மாடிக் கட்டடம் காற்றோட்டமானது. வளவில் வேம்பும் வாகையும் நன்றாக வளர்ந்திருக்கின்றன. விவேகமான ஆசிரியர்கள் கடைசிப் பாடத்தை நிழலுக்குக் கொண்டுபோகிறார்கள்.

கடற்கரைக்குக் கிட்ட என்பதால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். 2004 டிசம்பர் 26இல் நாவலடியும் கல்லடித் திருச்செந்தூரும் எப்படி அழிந்தன என்பது எல்லாருக்கும் தெரியும். அன்று ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை இல்லை. பாடசாலை நாளில் எச்சரிக்கை வந்தால் எந்த வகுப்பு எந்தப் படியால் மேல்மாடிக்கு ஏறுவது என்று இங்கே சுவரில் வரைந்து வைத்திருக்கிறார்கள், ஒத்திகையும் நடக்கிறது. பெற்றோர் செய்ய வேண்டியது, அந்த நேரத்தில் பிள்ளையை ஏற்ற வாகனத்தோடு வாயிலுக்கு ஓடி வராமல் இருப்பது. வீதி அடைத்தால் யாருக்கும் வழி இல்லை.

சேர்ப்பதும் செலவும்

6ஆம் தரத்துக்குப் பிறப்புச் சான்றிதழ், முன்னைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், கிராம சேவகரின் வதிவிடச் சான்று, வாக்காளர் இடாப்புப் பிரதி ஆகியவற்றை மூலமும் பிரதியுமாகக் கொண்டுபோங்கள். அதிகம் இடறுவது பெயரில். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, விடுகைப் பத்திரத்தில் வேறு எழுத்து என்றால் சேர்த்துக்கொள்வார்கள்தான். ஆனால் அது அப்படியே சாதாரண தரச் சான்றிதழ் வரை போகும். சேர்க்கும் நாளிலேயே பதிவில் பிறப்புச் சான்றிதழின்படி எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

இலவசக் கல்வி 1945இல் வந்தது, பாடநூல் 1980இலிருந்து இலவசம், சீருடைத் துணியும் கிடைக்கிறது. ஆகவே பாடசாலைக்கென்று போகிற காசு சிறிது: வசதிக் கட்டணம், அபிவிருத்திச் சங்க அங்கத்துவம். எதற்குக் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வகுப்பில் கையில் சேர்க்கிற காசுக்கும் வகுப்பாசிரியரிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். குடும்பத்தை நெருக்குவது கொப்பி, சப்பாத்து, இல்ல ரீசேட், ரியூசன். இல்லாத பிள்ளைக்குச் சத்தமில்லாமல் கொப்பியும் சப்பாத்தும் போய்ச் சேர இங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. யாருக்குக் கொடுத்தது என்று காலைக் கூட்டத்தில் கூப்பிட்டுப் படம் எடுப்பதில்லை. அதற்காக இந்தப் பாடசாலையை மனமாரப் பாராட்டுகிறோம்.

கன்ரீனில் காலையில் இடியப்பம், ரொட்டி, அவித்த கடலை. இனிப்புக் குடிபானம் விற்பதில்லை. எட்டரைக்கே போனால் எல்லாம் சூடு. இடைவேளைக்கு ரோல்ஸ்தான் மிஞ்சும். வீட்டுச் சாப்பாடு மேல்.

அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவர் அதிபர்தான். மற்றப் பொறுப்புகளுக்கு வருடக் கூட்டத்தில் தெரிவு நடக்கும். அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைவு, பிறகு வெளியில் நின்று குறை சொல்கிறவர்கள் கூட. பழைய மாணவர் சங்கம் உற்சாகமானது. சுவிஸிலும் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் கேட்டவுடன் அனுப்புகிறார்கள். அந்தக் காசு வாயில் வளைவுக்கும் மேடைக்கும் போனது கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்த முறை அனுப்புகிறவர்கள் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கும் தாங்கிக்கும் என்று குறித்து அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நவராத்திரியில் சரஸ்வதி பூசை, மார்கழியில் ஒளிவிழா, இரண்டுக்கும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து தோரணம் கட்டுகிறார்கள். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஆயத்தம் பண்ணுவதில் இந்தப் பாடசாலைக்கு நிகர் குறைவு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் தொடங்கி, அந்த வளவிலேயே சமாதி கொண்டிருக்கிற ஊர் இது. பேச்சும் இசையும் இந்த வட்டாரத்தில் பாடசாலையின் வேலையாகவே கருதப்படுகின்றன.

அடி விடயத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். உடல் தண்டனையைச் சுற்றறிக்கை தடை செய்திருக்கிறது. இங்கே பெரும்பாலும் இல்லை, ஆனால் பிரம்பு முற்றாகப் போய்விடவில்லை. நடந்தால் வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், அதிபர் என்று எழுத்தில் போங்கள், பிரதி வைத்திருங்கள். சிறுவர் உதவிக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

உயர்தரம்

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடசாலை பெரிய ஆறுதல். மண்முனைப் பாலம் 2014இல் திறக்க முன் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளை பாதை என்ற மிதவைப் படகுக்குக் காத்திருந்து வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. இப்போது பஸ் நேரே வருகிறது. மாலை வகுப்பு வைத்தால் கடைசி பஸ்ஸுக்கு முன் விட வேண்டும் என்பதை ஆசிரியர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பட்டணத்தில் படித்தால் பல்கலைக்கழகம் இலகு என்ற எண்ணத்துக்கு அனுமதி முறையில் இடமில்லை. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் முழு நாட்டுத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி. கிடைக்கிற ஒரே வித்தியாசம் ஆசிரியர்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் யார். நிரந்தரமா, இணைப்பா. இந்த இரண்டு வருடத்துக்குள் ஓய்வு பெறுகிறவரா. இடமாற்றப் பட்டியலில் பெயர் இருக்கிறதா. வருட இடமாற்றம் வரும்போது 13ஆம் தரத்துக்குப் படிப்பிக்கிறவர் போனால் வகுப்பு பாதியில் நிற்கும். இங்கே உயிரியலுக்கும் இரசாயனத்துக்கும் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இணைந்த கணிதத்துக்கு இருப்பவர் வாரத்தில் மூன்று நாள் இணைப்பில் வருகிறார். நல்ல ஆசிரியர், ஆனால் மூன்று நாள் போதாது. பிள்ளைகள் மிச்சத்துக்குப் பட்டணத்து ரியூட்டரிக்குப் போகிறார்கள். போகிற களைப்பில் பாடசாலைக்கு வராமல் விடுகிறார்கள். பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்பது அவர்களுக்குக் கடைசித் தவணையில்தான் நினைவுக்கு வருகிறது.

சாதாரண தரத்தில் சித்தி போதாமல் நின்றுவிட்ட பிள்ளைக்கு 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழில்சார் பிரிவு இருக்கிறது. இந்தப் பாடசாலையில் அது இல்லை. பெறுபேறு வந்த வாரத்திலேயே வலயக் கல்விப் பணிமனைக்குப் போய்க் கிட்டிய பாடசாலை எது என்று கேட்டு விண்ணப்பியுங்கள். இடம் நிரம்பிய பிறகு போகிற பிள்ளைகள்தான் வீட்டில் நின்றுவிடுகிறார்கள்.